அம்பகரத்தூர்ப் பிள்ளைக்கு இலையுதிர்காலம் எதற்கு?

மாசித் திங்களில் அம்பகரத்தூர்த் தெருக்களில் நடப்போர் ஒன்றைக் காணலாம். புங்கமரம் தன் பழுத்த இலைகளைக் கொட்டிக்கொண்டு நிற்கும். வேம்பு மஞ்சளித்து உதிரும். வாயில் கூட்டுகிற தாய் கூட்டிக் கூட்டிக் கை சலிப்பாள். சில கிழமைகளில் அதே புங்கு பளபளக்கும் தளிர் போர்த்து நிற்கும். சித்திரையில் வேம்பு பூத்துக் கொட்டும். ஆண்டுதோறும் தவறாமல் நடத்தப்படும் பாடம் அது. கட்டணமில்லாப் பாடம், ஏடும் எழுதுகோலும் கேளாத பாடம்.

ஆனால் அதே தெருவிலிருந்து கழுத்துப்பட்டை கட்டி ஊர்தியில் ஏற்றி அனுப்பப்படும் நான்ககவைப் பிள்ளை, மழலையர் வகுப்பின் சுவரில் தொங்கும் வண்ணப் படத்தைப் பார்த்து வேறொன்றைக் கற்கிறது. இலை உதிர்வது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அப்பருவத்தின் பெயர் 'ஆட்டம்'. ஆட்டம் என்றால் விளையாட்டு என்று வீட்டில் அறிந்திருந்த பிள்ளை திகைக்கிறது. அதன்பின் வெண்பஞ்சுபோல் பனிக்கட்டி கொட்டும் பருவம் வரும். அப்போது பனியை உருட்டி ஒரு மாந்தனைச் செய்து, கழுத்தில் கம்பளித்துணி சுற்றி, மூக்குக்கு ஒரு கேரட்டுக் கிழங்கைச் செருக வேண்டும். பிள்ளை தலையாட்டுகிறது, பாடுகிறது, படத்துக்கு வண்ணம் தீட்டுகிறது, கைத்தட்டும் பெறுகிறது.

வாயிலில் நிற்கும் மரம் ஒன்று சொல்கிறது. சுவரில் தொங்கும் தாள் வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது? பிள்ளை தாளை நம்புகிறது. ஏனெனில் தாளைக் காட்டியவர் ஆசிரியர். மரத்தைக் காட்டியவர் எவருமிலர். கண்ணால் கண்டதைத் தள்ளிவிட்டுக் காணாததை மெய்யென்று ஏற்கும் பழக்கம் அந்த நொடியில் பிறக்கிறது. அடிமையுணர்வு கோட்டையிலும் கொடிமரத்திலும் பிறப்பதன்று. அது மழலையர் வகுப்பில், கைத்தட்டோடும் பாட்டோடும் பிறக்கிறது.

அம்பகரத்தூர் எத்தகைய ஊர்? காரைக்கால் பகுதியில், திருநள்ளாற்றுக் கொம்யூனைச் சேர்ந்தது. காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலை நாடும் கடைமடை மண். அரசலாறும் நூலாறும் வாஞ்சியாறும் நாட்டாறும் ஓடி ஊட்டும் நெல்வயல் நாடு. வேனிலில் காளியம்மன் விழாவுக்குச் சுற்றூர்கள் எல்லாம் திரளும் ஊர். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயர் பற்றியிருந்த காலம் போக, 1954 நவம்பர் முதல் நாள்வரை அவர்கள் ஆட்சியில் கிடந்தது. இரு நூற்றாண்டுக்கு மேல் அயலான் கொடி பறந்த அந்த மண்ணில், பாட்டிமார் மடியிலும் மணல் தெருவிலும் பிள்ளைகள் தமிழிலேயே ஆடின, தமிழிலேயே பாடின. அயலான் ஆண்டபோது அழியாத பாட்டும் விளையாட்டும், அவன் கொடி இறங்கிய பின்னர்த் தமிழன் தன் கைப்பொருளைக் கட்டணமாகக் கட்டி அழிக்கப்படுகின்றன. இதைவிட வெட்கக்கேடு வேறுண்டோ?

தமிழர் பருவத்தை எவ்வாறு எண்ணினர் என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றது தொல்காப்பியம். பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்த மரபு, பெரும்பொழுதை ஆறாக்கியது. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்று காண்க. பூவில் தொடங்கவில்லை, வெயிலில் தொடங்கவில்லை, மழையில் தொடங்குகிறது. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். காரைக்காலுக்கு வடக்கே இதே கடற்கரையில் இருந்த புகாரின் கதையைப் பாடப் புகுந்த இளங்கோவடிகள், திங்களையும் ஞாயிற்றையும் போற்றிய கையோடு மழையைப் போற்றினார். முல்லைப்பாட்டின் நப்பூதனார் காரைப் பாடினார். நெடுநல்வாடையின் நக்கீரர் கூதிரைப் பாடினார். மழையை முதலாக வைத்து ஆண்டை எண்ணிய இனத்தின் பிள்ளை, இன்று மழையைப் போகச் சொல்லி விரட்டும் ஆங்கிலப் பாட்டைக் கைகளை ஆட்டிப் பாடுகிறது! ஆண்டெல்லாம் தூறும் குளிர்நாட்டில், வெளியே ஓடியாட முடியாத பிள்ளை மழையை வெறுப்பது இயல்பு. அப்பாட்டு அந்நாட்டுக்குப் பொருந்தும். ஐப்பசி மழை பொய்த்தால் சோற்றுக்கு வழி என்ன என்று வானத்தைப் பார்க்கும் கடைமடையில் அதற்கு என்ன வேலை?

பாட்டோடு நில்லாமல் சொல்லும் கெட்டது. 'பனி' என்பது தமிழில் விடியலில் நெற்கதிர்மேல் முத்தாய்த் திரண்டு நிற்கும் நீர்த்துளி. மார்கழிக் காலையில் எதிர்வரும் ஆளை மறைக்கும் வெண்புகை. அந்தச் சொல்லை எடுத்து மேலைநாட்டுப் பனிக்கட்டிக்கு மாட்டிவிட்டார்கள். விளைவு என்ன? 'பனிக்காலம் வரை' என்றால் அம்பகரத்தூர்ப் பிள்ளை வைக்கோற்போரையும் பூசணிப்பூவையும் வரைவதில்லை. வெள்ளைப் பொம்மையை வரைகிறது. தன் வீட்டுக் கூரைமேல் விழும் பனி, பனியென்றே அதற்குத் தெரியவில்லை. 'இலையுதிர்காலம்' என்பது தமிழ்ப் பருவமே அன்று. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சட்டை தைத்துப் போட்டது. மரபெண்ணிய ஆறு பருவத்துள் அப்படி ஒன்றில்லை. அது காட்டும் செப்டம்பர், நவம்பர்த் திங்கள்கள் இங்கே கார் முற்றிக் கூதிர் புகும் காலம். சம்பா பச்சை கட்டும் காலம். இளவேனில் என்ற இனிய சொல் இருக்க, 'வசந்தம்' என்ற வடசொல்லை முன்னிறுத்தியது முந்திய கேடு. வடக்கிலிருந்து வந்தது பெயரைப் பறித்தது. மேற்கிலிருந்து வந்தது பருவத்தையே பறித்தது.

விளையாட்டுக்கு வருவோர், தெருப்பிள்ளைகளின் ஆண்டுக் கணக்கைப் பார்க்கட்டும். எவரும் அட்டவணை போட்டுத் தராமலே பருவத்துக்கொரு விளையாட்டு இருந்தது. ஆடிக்காற்று வீசும்போது பட்டம் ஏறும். காரில் ஈசல் பறந்தால் அதன்பின் ஓட்டம். கூதிர் மழையில் வாய்க்காலில் தாளோடம் விடுதல். கார்த்திகை விளக்கீட்டன்று பனம்பூவைக் கரியாக்கித் துணியில் முடிந்து, பனைமட்டைப் பிளவில் கட்டித் தீமூட்டித் தலைக்குமேல் சுழற்றினால் பொன்மழை சிதறும். மாவலி சுற்றுதல் என்பது அதன் பெயர். சம்பா அறுவடை முடிந்த தரிசில் கிட்டிப்புள்ளும் சடுகுடுவும். புளி உலுக்கும் பின்பனியில் அதன் கொட்டையைத் திரட்டிப் பல்லாங்குழியும் தாயமும். வேனிலில் நுங்கு தின்றுவிட்ட கூந்தல் இரண்டைக் கோலில் கோத்தால் வண்டி ஆயிற்று. ஆனி முழுநிலவில் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவில் மக்கள் மாங்கனி வீச, அதைப் பிடிக்கக் குழந்தைகள் துள்ளுவது முதுவேனிலின் அடையாளம்.

ஒரு பனைமரம் போதும், ஆண்டின் பாதியைக் கற்பிக்க. சித்திரை, வைகாசியில் நுங்கு, ஆவணியில் பழம், அப்பழத்தின் கொட்டையை மண்ணில் புதைத்துவிட்டுக் காத்திருந்தால் தையில் கிழங்கு. காத்திருத்தல் என்பதே பருவக் கல்வியின் உயிர். சுவர்ப்படத்தில் நான்கு பருவமும் ஒரே நேரத்தில் தொங்குகின்றன. மரத்தில் ஒவ்வொன்றாகத்தான் வரும். இதனைப் பாட்டாக்க இயலாதா? இயலும்:

நுங்கு வந்தால் வேனில் – பனை
நுனியில் பழுத்தால் கார்;
கிழங்கு வந்தால் பனியாம் – அதைக்
கிண்டி எடுத்துப் பார்!

நான்கே அடி. இதைப் பாடுகிற பிள்ளை வெளியே போய்ப் பார்க்கலாம், தொடலாம், தின்னலாம். பனிக்கட்டிப் பொம்மையைப் பாடுகிற பிள்ளை எங்கே போய்ப் பார்க்கும்?

"இது குழந்தைகள் விளையாட்டுத்தானே! இதற்கு இவ்வளவு சினமா?" என்பர் சிலர். விளையாட்டு என்பதனால்தான் சினம். குழந்தைக்கு விளையாட்டைவிட ஆழமான கல்வி வேறில்லை. கடைமடையில் பருவம் அறிவது உயிர்ப்பாதுகாப்பும் ஆகும். 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கசாப் புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியபோது, காரைக்காலும் அதன் அடியைப் பட்டது. மேலைநாட்டுப் படத்தின்படி அந்நாள் மஞ்சள் இலைகள் மெல்ல மிதந்து விழும் நாள்! கூதிர் என்றால் என்ன, அப்போது கடலும் காற்றும் எப்படி மாறும், வடகிழக்குக் காற்று இப்பகுதிக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கை எவ்வாறு கொணர்கிறது என்பதைப் பாட்டாலும் கதையாலும் அறிந்த பிள்ளைக்கும், மஞ்சள் இலைக்கு வண்ணம் தீட்டிய பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு.

காவிரியின் செய்தி அதனினும் கூர்மையானது. கடைமடையின் பருவம் வானத்தில் மட்டும் இல்லை, ஆற்றிலும் இருக்கிறது. ஆடியில் இங்கு மழை குறைவு. ஆனால் குடகு மலையில் பெய்த மழை புதுப்புனலாக வந்து சேரும். அதனால்தான் ஆடிப்பதினெட்டு ஆற்றங்கரை விழாவாயிற்று. மேட்டூர் அணையைச் சூன் 12இல் திறப்பது வழக்கம்; குறுவைப் பயிரின் நாட்காட்டியே அந்நாள். 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் அந்நாளில் அணை திறக்கவில்லை. 2020இல்தான் மீண்டும் சூன் 12இல் திறந்தது. 2024இலோ சூலைத் திங்களின் இறுதியில்தான் திறந்தது. காரைக்காலுக்கென 2007இல் நடுவர்மன்றம் வகுத்து, 2018 பிப்பிரவரி 16இல் உச்ச நீதிமன்றமும் அப்படியே விட்ட பங்கு 7 டி.எம்.சி. ஆடியில் புதுநீர் வரும் என்று பாடி வளர்ந்த பிள்ளை, வாய்க்கால் வறண்டு கிடந்தால் 'ஏன் வரவில்லை?' என்று கேட்கும். அந்த ஒரு வினாவில் நில நூலும் வரலாறும் உரிமையும் அடங்கியுள்ளன. பருவம் அறியாத பிள்ளை அவ்வினாவைக் கேட்காது. கேளாத தலைமுறை ஒன்றை வளர்த்துக்கொண்டு காவிரி உரிமைக்கு முழக்கமிடுவது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவதாகும்.

"ஆங்கிலம் வேண்டாமா? வேலைக்கு எங்கே போவது?" என்பது அடுத்த தடை. ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை இங்கு எவரும் மறுக்கவில்லை. நான்ககவையில், தாய்மொழியே இன்னும் நாவில் திரளாத பருவத்தில், கண்முன் இல்லாத நாட்டின் வானிலையை அயல்மொழியில் நெட்டுருப் போடுவதால் எந்த வேலையும் கிடைத்துவிடாது. தாய்மொழியே தொடக்கக் கல்விக்குச் சிறந்த வாயில் என்று யுனெசுகோ 1953இலேயே அறிக்கை வெளியிட்டது. நடுவணரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் ஐந்தாம் வகுப்புவரை வீட்டுமொழி என்று எழுதிவிட்டு, 'இயலும் இடங்களில்' என்றொரு தப்புவழியையும் திறந்து வைத்தது. எழுத்தில் தாய்மொழி, நடப்பிலோ, நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் அண்மை ஆண்டுகளில் படிப்படியாக நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன. தில்லியில் வகுக்கும் பாடம் கடைமடைக் கூதிரை எங்ஙனம் அறியும்?

'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயர்ப்பலகையைத் தூக்கிப்பிடிப்போர், அப்பெயரைத் தந்தவனை அறிவரா? செருமானியனாகிய பிரோபல், 1837இல் பாட்டு பிளாங்கன்பர்க்கு என்ற சிற்றூரில் மழலையர்க்கான விளையாட்டுக் கல்வியைத் தொடங்கினான். 1844இல் தாய்மார்க்கான பாட்டும் விளையாட்டும் கொண்ட நூலை வெளியிட்டான். அவன் பிள்ளைகள் செருமானிய மொழியில் பாடினர்; தம் ஊர்த் தோட்டத்தில் விதை நட்டனர். குழந்தைத் தோட்டம் என்பதே அச்சொல்லின் பொருள். பெயரைக் கடன் வாங்கிய தமிழன் தோட்டத்தை விட்டுவிட்டான்.

ஆத்திரேலியாவின் தென்மேற்கில் நூங்கார் என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். அவர்கள் எண்ணும் பருவமும் ஆறே. எந்தப் பூ பூக்கிறது, எந்த விலங்கு குட்டி ஈனுகிறது என்பதைக் கொண்டு அவற்றை அறிவர். 'மக்குரு' என்பது மழையும் குளிரும் மிக்க பருவம். ஆங்கிலேயர் குடியேறித் தம் நான்கு பருவத்தை அந்நிலத்தின்மேல் ஏற்றினர், அது பொருந்தவில்லை. இன்று அந்நாட்டு வானிலைத் துறையே நூங்கார்ப் பருவங்களை எடுத்துரைக்கிறது. பள்ளிகள் அவற்றைக் கற்பிக்கின்றன. ஆங்கிலேயன் வழிவந்தோரே தம் நான்கு பருவம் போதாதென்று உணரும் காலத்தில், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுபவன் தமிழன் ஒருவனே.

தொலைவு போக வேண்டுவதில்லை. பாவேந்தர் பாரதிதாசன் 1909இல் முதன்முதலாக ஆசிரியப் பணியேற்றது காரைக்காலை அடுத்த நிரவியில். பிரெஞ்சு ஆட்சியின்கீழ் முப்பதாண்டுக்கு மேல் தமிழாசிரியராக இருந்த அவர், பிள்ளைகளுக்கென்றே 'இளைஞர் இலக்கியம்' பாடித் தந்தார். பாவலரேறு பெருஞ்சித்திரனார் 'பள்ளிப் பறவைகள்' தந்தார். அம்பகரத்தூருக்கும் நிரவிக்கும் எத்தனை கல் தொலைவு? அந்த நூல்களுக்கும் இன்றைய மழலையர் வகுப்புக்கும் எத்தனை கல் தொலைவு?

குற்றம் முழுதும் அரசின்மேலும் தனியார் பள்ளியின்மேலும் சுமத்திவிட்டுத் தமிழன்பர்கள் கை கழுவ இயலாது. அவருள் பலர் ஆறு பருவத்தின் பெயரையும் திங்கட் கணக்கையும் பிள்ளைக்கு நெட்டுரு ஏற்றிவிட்டு, அதையே தமிழ்க்கல்வி என்று மகிழ்கின்றனர். ஆங்கிலத்தில் ஒப்பித்ததைத் தமிழில் ஒப்பித்தால் கிளி மாறுமேயன்றிக் கிளித்தன்மை மாறாது. இளவேனில் என்று நூல் சொல்லும் வைகாசியில் கத்திரி வெயில் கொளுத்துகிறதே என்று பிள்ளை கேட்டால், வாயை மூடு என்னாமல், 'நன்று கேட்டாய். நீயே பார்த்துக் குறித்து வா' என்று சொல்லும் துணிவு வேண்டும். முன்னோர் வகுத்த எல்லையும் இன்றைய வெயிலும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைப் பிள்ளை கண்டு சொல்லட்டும். தொல்காப்பியம் அதனால் சிறுத்துவிடாது; நிலத்தையும் பொழுதையும் கண்ணால் கண்டு வகுத்த நூலுக்கு அதுவே உண்மையான வழிபாடு. மேடையில் தமிழ் முழங்கிவிட்டு, விடிந்ததும் தன் பிள்ளையை ஆங்கில மழலையர் ஊர்தியில் ஏற்றிவிடும் அன்பர்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நாகரிகம். ஆயினும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

செய்ய வேண்டுவது மலையைப் பெயர்ப்பதன்று. நான்கு பருவச் சுவர்ப்படம் தொங்கும் இடத்தில் பன்னிரு திங்கள் எழுதிய வெறுந்தாள் ஒன்று தொங்கட்டும். திங்கள்தோறும் பிள்ளைகள் வெளியே சென்று, கண்டதை அதில் ஒட்டட்டும்: மாசியில் உதிர்ந்த புங்கிலை, சித்திரையில் வேப்பம்பூ, ஐப்பசியில் நாற்று, தையில் நெற்கதிர். ஆண்டு முடியும்போது அத்தாள் அவ்வூரின் நாட்காட்டி ஆகிவிடும். எந்தக் கடையிலும் விற்காத நாட்காட்டி. பாட்டிமாரை வகுப்புக்கு அழைத்து அவர்கள் ஆடிய விளையாட்டைக் கேட்கட்டும். வீட்டில் தந்தை பிள்ளையைத் தோளில் தூக்கி வாய்க்கால் கரைக்கு அழைத்துச் சென்று, நீர் வந்ததா என்று காட்டட்டும். தமிழ் மன்றங்கள் ஆண்டுவிழாவின் மாலைகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைப் பருவப்பாட்டு நூல்களுக்குச் செலவிடட்டும். பெற்றோர் பள்ளி வாயிலில் நின்று, 'எங்கள் ஊரில் பெய்யாத பனியை எங்கள் பிள்ளைக்கு ஏன் கற்பிக்கிறீர்?' என்று ஒரே ஒரு வினா எழுப்பட்டும்.

வரும் மாசியிலும் புங்கு இலை உதிர்க்கும். அதற்கு ஆங்கிலமும் தெரியாது. நடுவண் பாடத்திட்டமும் தெரியாது. அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்க்க ஒரு தமிழ்ப்பிள்ளை இருக்குமா என்பதே வினா. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் தில்லியிலும் இல்லை, இலண்டனிலும் இல்லை. அம்பகரத்தூர்த் திண்ணையில்தான் இருக்கிறார்.